போர்வை என்கிற வைத்தியச்சி

அத்தியாயம் 17

போன வாரம் அவளை அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டோம். பாவம், இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் வேலை பார்ப்பவளுக்கு உட்காரக் கிடைக்கிற இடம் அந்த மூட்டை ஒன்றுதான். கையில் செல்போன். அதில் மகளிடமிருந்து வந்த செய்தி.

மகளிடமிருந்து வந்தது என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு என்று வந்ததாகச் சொல்லவில்லை. அங்கேதான் இருக்கிறது வம்பு.

இடையில் ஒரு வாரம் விட்டுப் போனவர்களும், இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களும் முழிக்க வேண்டாம். விஷயம் இவ்வளவுதான். கட்டிக்கொடுத்த மகள் ஒருநாள் காலையில் ஒற்றைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். இனி அந்த வீட்டில் இருக்க முடியாது என்றாள். என்ன ஏது என்று இவள் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் இருப்பதுதான், கொஞ்சம் பொறுத்துப் போ என்றாள். சொன்னதோடு விட்டாளா? பெட்டியைத் திறக்கக்கூட விடாமல் அன்று சாயங்காலமே பஸ் ஏற்றிவிட்டாள்.

மகள் பஸ் ஏறினாள். ஆனால் புருஷன் வீட்டில் போய் இறங்கவில்லை. எங்கோ ஓர் ஊரில் இறங்கி, ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, அம்மாவின் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். அதன் பிறகு அவள் பேசுவது தாய்மாமனிடம் மட்டும்தான். அதற்கும் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாள். போனை அம்மா கையில் கொடுத்துவிடக் கூடாது.

மாமன்காரன் லிஃப்ட் மெக்கானிக். சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை, ஆனால் சுற்றிக்கொண்டு போகிற ஆள். மருமகள் சாயங்காலம் ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவாள் என்பது அவனுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரே காட்டுக்குள் வந்து, வீரனாகவும் மந்திரவாதியாகவும் வேஷம் கட்டிக்கொண்டு, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பூதங்களோடு மல்லுக்கட்டுகிற விளையாட்டு. அக்காவைக் கொண்டுபோய் அதற்குள் இறக்கிவிட்டான். "போன்ல பேசக் கூடாதுன்னுதானே சொன்னா? கூட வெளையாடக் கூடாதுன்னு சொல்லலையே" என்பது அவன் கட்சி.

அங்கே மகளுக்குப் பெயர் சில்வண்டு. சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று மாமன் வைத்த பட்டப்பெயர். வில் பிடிக்கிறாள். யாரும் சேர்த்துக்கொள்ளாத புது ஆட்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்வதும், கையைப் பிடித்து நடத்திப் பழக்குவதும் அவள் வழக்கம். ஒருநாள் காட்டு ஓரத்தில் பாதை தெரியாமல் மரத்தில் மோதி மோதி நின்ற ஒரு வைத்தியச்சியையும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டாள். அந்த வைத்தியச்சி யார் என்று உங்களுக்குத் தெரியும். சில்வண்டுக்குத் தெரியாது.

வைத்தியச்சிக்குப் பெயர் போர்வை. விளையாட்டில் பெயர் கேட்டபோது இவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மடியில் கிடந்ததைப் பார்த்தாள், அதையே அடித்துவிட்டாள்.

இனி, விளையாட்டுக்குள்ளிருந்து கூட்டத்தில் எல்லாருக்குமாக வந்த அந்தச் செய்திக்கு வருவோம். "இன்னைக்கு சாயங்காலம் நிலவறைக்குள்ள போறோம். போர்வை, உங்க ஹெட்செட்ட சரிபண்ணிட்டு வாங்க. நீங்க பேச வேண்டாம். நாங்க சொல்றது காதுல விழுந்தாப் போதும்."

இத்தனை நாளும் ஹெட்செட் ரிப்பேர் என்று சொல்லித் தப்பித்திருந்தாள். எழுத்தில் மட்டுமே பேச்சு. இனி அது செல்லாது. இன்றைக்கு மகளின் குரல் காதில் விழப்போகிறது. இரண்டு வருஷமாக அதற்காகத்தான் கிடந்து தவித்தாள். இப்போது அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன, மூட்டையோட மூட்டையா உக்காந்துட்டே?" என்று குரல் கொடுத்தாள் எதிர்முனைக்காரி.

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாய் மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். இவளுக்கு எதிரே முனை பிடிக்கிறவள் என்பதால் அந்த அம்மாளுக்கு அந்தப் பெயர். விரிப்பைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தால் கிழிசல் எங்கே என்று தெரிந்துவிடும். கிழிந்ததைத் தூர எறிய மாட்டார்கள். கிழிசலை வெட்டிவிட்டுத் தலையணை உறை தைப்பார்கள், உறையும் கிழிந்தால் தரை துடைக்கப் போகும். இந்தக் கிடங்கில் எதற்கும் சுலபத்தில் சாவு கிடையாது. அங்கே வேலை பார்க்கிறவர்களின் முதுகுக்கும் அதே சட்டம்தான்.

முனையோடு முனை சேர்கிற ஒவ்வொரு முறையும் எதிர்முனைக்காரி ஒரு கேள்வி கேட்பாள். மற்றக் கேள்விகள் மாறும், ஒன்று மட்டும் மாறாது. பொண்ணு போன் பண்ணாளா? இவளும் சளைக்காமல், நேற்றுப் பேசினாள், முந்தாநாள் பேசினாள் என்று புளுகிக்கொண்டே இருப்பாள். இன்றைக்கு வாய் தானாகவே வேறு சொன்னது.

"இன்னைக்குப் பேசுவா."

எதிர்முனைக்காரி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லாம் தெரிந்தவள்தான் போலிருக்கிறது. அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

வீடு வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது. தம்பி முந்திக்கொண்டு வந்து, மேசையில் தன் பழைய லேப்டாப்பை விரித்து, ஒரு ஹெட்செட்டையும் மாட்டி வைத்திருந்தான். பக்கத்தில் ஆறிப்போன டீ. இவளுக்காகப் போட்டு வைத்தது. அவன் அன்பு எப்போதுமே கொஞ்சம் ஆறித்தான் வந்து சேரும்.

இவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று தோன்றுகிறதென்று சொன்னாள். பெற்ற மகளின் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு ஒளிந்து ஒளிந்து போவது திருட்டுத்தனமாக இருக்கிறது. அவள் அன்பாகச் சொல்லித் தருகிறாள், ஆனால் அது யாரோ ஒரு போர்வைக்கு. எனக்கு இல்லையே என்றாள்.

தம்பி மறுக்கவில்லை. திருட்டுத்தனம்தான் என்று ஒப்புக்கொண்டான். ஆனால் இப்போது பாதியில் விட்டால், நம்மால் ஒரு புது ஆள் பயந்து ஓடிவிட்டார் என்று அவள்தான் வருத்தப்படுவாள் என்றான். அதற்குப் பிறகு குரலை இறக்கிக்கொண்டான்.

"இங்க பாருக்கா. கீழ இருக்கற இந்தப் பொத்தான அமுக்கிப் புடிச்சாத்தான் உன் குரல் அந்தப் பக்கம் போகும். விரல எடுத்துட்டா போகாது. தப்பித் தவறிக்கூட அமுக்கிடாத. அவ கண்டுபிடிச்சா என் நம்பரும் போச்சு. அப்புறம் நாம ரெண்டு பேரும் செவுத்தப் பாத்துட்டு உக்கார வேண்டியதுதான்."

"நான் எதுக்குடா அமுக்கப் போறேன்?"

அவன் போன் அடித்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். கதவைத் தள்ள வேண்டாம், எகிறிக் குதிக்க வேண்டாம், காற்று வரும், நான் வருகிறேன் என்று முகம் தெரியாத யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டே கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வாசல்வரை போனவன் திரும்பி, பொத்தானைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுப் போனான்.

இவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டினாள். ஆஸ்பத்திரி நீராவியில் ஊறிய காது, மெத்தென்ற உறை பட்டதும் கூசியது. திரையில் காடு விரிந்தது. நிலவறை வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஆளை மறைக்கிற கேடயத்தோடு நிற்பவர் இடிதாங்கி. வருகிற அடியை எல்லாம் முன்னால் நின்று வாங்குவது அவர் வேலை. நெருப்பு வீசுகிற மந்திரவாதி பல் டாக்டர், நிஜத்திலும் பல் டாக்டர். மூன்றாவதாக, மெலிந்த உருவத்தில், தோளில் வில்லோடு சில்வண்டு.

"ஹலோ போர்வை, கேக்குதா?"

அம்மாடி. கேட்டது. காதுக்குள் வந்து உட்கார்ந்து கேட்பது போல அவ்வளவு பக்கத்தில் கேட்டது. குரல் முன்னைவிடக் கனத்திருந்தது. கேள்வியின் கடைசியில் கொஞ்சம் தூக்கிப் பேசுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. பின்னால் ஒரு ஃபேன் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஃபேனுக்கு எண்ணெய் போடக்கூட ஆள் இல்லாத அறையில் இருக்கிறாள்.

இவள் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினாள். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, கேக்குது என்று அடித்து முடிப்பதற்குள் பல் டாக்டர் ஒரு கொட்டாவி விட்டு முடித்திருந்தார்.

சில்வண்டு அவசரப்படவில்லை. உள்ளே போவதற்கு முன் சில விஷயம் சொல்கிறேன், புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்வதுதான், உங்களைக் குறைத்து நினைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள் என்று ஆரம்பித்தாள். முன்னால் போகிறவர் ஓடினால் நீங்களும் ஓட வேண்டியதில்லை, அவரவர் வேகம் அவரவருக்கு. தூங்குகிற பூதத்தைத் தட்டி எழுப்பாதீர்கள், எல்லாச் சண்டையும் நம்முடைய சண்டை இல்லை. எல்லாருடைய தலைக்கு மேலும் ஒரு பச்சைக்கோடு தெரியும், அது உயிர். உங்கள் தலைக்கு மேல் மட்டும் கூடுதலாக ஒரு நீலக்கோடு, அது மருந்து. மருந்து தீர்ந்தால் ஊறுவதற்கு நேரம் பிடிக்கும். அதனால் முதலில் இடிதாங்கியைப் பாருங்கள், அவர் நின்றால்தான் நாமெல்லாம் நிற்போம். எனக்குப் படுகிற கீறலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் நீங்க, வாங்க, பாருங்க. இவளைப் பிறந்ததிலிருந்து நீ என்றே கூப்பிட்டுச் சண்டை போட்ட வாய் அது. இந்த மரியாதை இவளுக்கு என்னவோ போலிருந்தது.

பிறகு சில்வண்டு, போர்வையின் மூட்டையைத் திறந்து பார்க்கச் சொன்னாள். ஆரம்பத்தில் எல்லாரும் கண்ணில் பட்டதை எல்லாம் பொறுக்கிப் போட்டுக்கொள்வார்கள், கனம் தாங்காமல் நடை தளர்ந்துவிடும் என்றாள். திறந்தால், மூட்டை முழுக்கக் கந்தல் துணி. வழியில் பூதங்கள் விட்டுச் சென்ற கந்தலில் ஒன்றைக்கூட இவள் விடவில்லை.

"இந்தக் கந்தல எல்லாம் எதுக்குங்க சேத்து வச்சிருக்கீங்க?"

தைக்கலாம் என்று அடித்தாள் இவள்.

இடிதாங்கி விழுந்து விழுந்து சிரித்தார். சில்வண்டும் சிரித்தாள், ஆனால் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "எங்க வீட்லயும் ஒருத்தங்க இப்படித்தான்" என்றாள். யார் என்று பல் டாக்டர் கேட்டதற்கு இருமினாள்.

இவளுக்குக் கை நிற்கவில்லை. இருமுறீங்க, வெந்நீர் குடிங்க என்று அடித்து அனுப்பிவிட்டாள்.

"சரிங்க டாக்டர்" என்றாள் சில்வண்டு. "கடைசியா ஒண்ணு. உள்ள செத்துப் போனா வெக்கப்படாதீங்க. நான் சாகாத இடமே இங்க கெடையாது. நீரூத்துக்கிட்ட திரும்ப எழுந்திருச்சிடலாம். முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க, எல்லாரும் திரும்பிடுவோம். கொஞ்சம் பொறுத்துக்கோன்னு எங்க கூட்டத்துல யாரும் யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

இவள் சாவிப்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, இந்த விளையாட்டில் முகம் தெரியாது.

நிலவறைக்குள் இருட்டு. பிசுபிசுவென்று சுவர். முதலில் சின்னச் சின்னப் பூதங்கள். இடிதாங்கி கேடயத்தை ஊன்றினார், பல் டாக்டர் நெருப்பை வீசினார், சில்வண்டின் அம்புகள் குறி தப்பவில்லை. இவளும் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். இடிதாங்கியின் பச்சைக்கோடு இறங்கும்போதெல்லாம் மருந்தை அனுப்பினாள். பிரமாதம் போர்வை, உங்களுக்கு நல்ல கண் என்று சில்வண்டு பாராட்டினாள். கிழிசல் பார்த்துப் பழகின கண்ணாயிற்றே. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாகியும் அப்படி ஒரு வார்த்தையை யாரும் இவளிடம் சொன்னதில்லை. கால் வலி கொஞ்ச நேரம் மறந்துபோனது.

கடைசி அறையில் கல் பூதம் எழுந்தது. கூரையை முட்டுகிற உயரம். அது ஒரு கையால் இடிதாங்கியை அறைந்தது. இன்னொரு கையால் ஒரு கல்லைப் பிடுங்கிப் பின்னால் நின்ற சில்வண்டின் மேல் எறிந்தது.

"ஆ" என்றாள் சில்வண்டு. விளையாட்டில் எல்லாரும் சாதாரணமாகப் போடுகிற சத்தம்தான். அவளுடைய பச்சைக்கோடு ஒரு துளி இறங்கியது. கீறல்.

அதைத்தான் தான் பார்த்துக்கொள்வதாக அவள் சொல்லியிருந்தாளே? சொல்லியிருந்தாள். இவள் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் அந்த ஆ காதுக்குள் விழுந்த பிறகு விரல் சொன்னபடி கேட்கவில்லை. சில்வண்டுக்கு மருந்து போட்டாள். அடுத்த கல் வந்தது, போட்டாள். கல் படாமலே பக்கத்தில் விழுந்தது, அதற்கும் போட்டாள். சில்வண்டின் கோடு பச்சைப் பசேலென்று முழுசாக இருந்தது, அதன் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் உயிர் போகிறவரை விட்டுவிட்டுத் தன் பிள்ளையின் முழங்கால் சிராய்ப்பை ஊதிக்கொண்டிருப்பார்கள் பாருங்கள், அந்தக் கதைதான்.

"போர்வை, இடிதாங்கியப் பாருங்க" என்றாள் சில்வண்டு. "போர்வை, எனக்கு வேணாம். அவரு. அவரப் பாருங்க."

பார்த்தாள். அவர் கோடு சிவந்து நூலாகியிருந்தது. மருந்தை அமுக்கினாள். வரவில்லை. நீலக்கோடு காலியாகிக் கிடந்தது. இடிதாங்கி சாய்ந்தார். அவர் சாய்ந்ததும் பூதம் அறையைக் கடந்து வந்தது. பல் டாக்டர் விழுந்தார். சில்வண்டு வைத்தியச்சிக்கு முன்னால் வந்து நின்று, இருக்கிற அம்பை எல்லாம் எய்துவிட்டு விழுந்தாள். கடைசியாகப் போர்வை.

நாலு பேரும் நீரூற்றுப் பக்கத்தில் ஈரத்தோடு எழுந்து நின்றார்கள்.

இடிதாங்கிக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து முட்டி தேய நின்று அடி வாங்கினேன், அத்தனை மருந்தும் ஒரே ஆளுக்கா என்றார். "நான் உங்க கண்ணுக்குத் தெரியவே இல்லையா?" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. இவள் மன்னிச்சிடுங்க என்று அடிக்கப் போய் மன்னி மட்டும் போய்ச் சேர்ந்தது. இடிதாங்கி வெளியேறினார் என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது. காலையில் பேஷண்ட் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு டாக்டரும் கிளம்பினார். பல் டாக்டர் வெளியேறினார்.

மூன்றாவது வரிக்காக இவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

சில்வண்டு நீரூற்றின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். உட்கார எந்த விசை என்று இவளுக்குத் தெரியாது, அதையும் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பொம்மைகளும் தண்ணீருக்குப் பக்கத்தில் அருகருகே உட்கார்ந்திருந்தன.

இடிதாங்கியின் கோபம் நாளைக்குக் காலைக்குள் இறங்கிவிடும், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். தப்பு செய்யாமல் யாரும் பழகியதில்லை. இன்றைக்கு விழுந்த இடம் நாளைக்கு உங்களுக்குத் தெரியும், அதுதான் லாபம். தன்னுடைய முதல் நாள் இதைவிட மோசம் என்றும் சொன்னாள். அன்றைக்கு அவளையும் ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினாராம். ஊருக்குப் புதிது, ஒரு முகம் தெரியாது, அறையை விட்டு வெளியே போனால் ஏன் தனியாக இருக்கிறாய் என்று யாராவது கேட்பார்களோ என்று பயம். இதைவிட்டால் போக வேறு இடமில்லை, அதனால்தான் மறுநாளும் வந்தேன் என்றாள்.

"அதனால ஒரு பழக்கம் வந்துடுச்சு" என்றாள். "புதுசா வந்து நிக்கறவங்கள வாசல்லயே திருப்பி அனுப்ப எனக்கு மனசே வராது."

ஃபேன் கிரீச்சிட்டது. இவள் முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்காதீங்க. எனக்குப் பட்டது ஒரு கீறல்தான். அப்பவும் எனக்கேதான் மருந்து போட்டுட்டு இருந்தீங்க. ஏன்?"

தெரியாம என்று அடித்தாள். அழித்தாள். பழக்கம் இல்ல என்று அடித்தாள். அதையும் அழித்தாள். தம்பி விரலை ஆட்டிவிட்டுப் போனது கண்ணெதிரே வந்தது. அவன் நம்பரும் போய்விடும். சாயங்காலங்கள் போய்விடும், இந்த நீங்க, வாங்ககூடப் போய்விடும். இரண்டு வருஷத்தில் மிச்சமிருப்பது இந்த ஒரு இழை. ஆனால் இதற்கும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நாளைக்கும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாளன்றைக்கும் உட்கார்ந்து... போதும். களைத்துவிட்டது. முதுகைவிட, காலைவிட, புளுகிப் புளுகி வாய்தான் களைத்திருந்தது.

பொத்தானை அமுக்கிப் பிடித்தாள்.

"நீ அடிபட்டா எனக்கு வேற யாரும் கண்ணுக்குத் தெரியல" என்றாள். "நான்தான்."

அந்தப் பக்கம் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் அந்த ஒரு வரி எந்த நொடியும் வந்துவிடும். சில்வண்டு வெளியேறினார். இவள் கண் அந்த மூலையை விட்டு நகரவில்லை.

வரவில்லை. நீரூற்றின் விளிம்பில் அந்த மெலிந்த பொம்மை அப்படியே உட்கார்ந்திருந்தது.

"மாமா வேலையா இது?"

ஆமாம் என்றாள். அவன் மேல் தப்பில்லை, நான்தான் வந்தேன் என்றாள். இன்னும் சொல்ல ஆயிரம் இருந்தது. இரண்டு வருஷமாகக் குளிக்கும்போதும் விரிப்பு மடிக்கும்போதும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணறியபோது மகளின் குரல் வந்தது. அழவில்லை, கத்தவில்லை. களைத்த குரல்தான் அதுவும்.

"அன்னைக்கு அந்தப் பெட்டியத் தெறக்கவே விடல நீ. அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

பெட்டி இவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கருநீலம். ஒரு சக்கரம் உடைந்திருந்தது. பஸ் நிற்கிற இடம்வரை இவளே இழுத்துக்கொண்டு போனாள், வழியெல்லாம் கடகடவென்று சத்தம் போட்டது. மகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதில் கேட்கும். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று, இத்தனை நாளில், ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"தெரியாது" என்றாள். "சொல்லு."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.